முதுகெலும்புப் பக்கவளைவு அறுவைச் சிகிச்சை

முதுகெலும்புப் பக்கவளைவு என்பது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, அத்துடன் தன் அச்சிலும் முறுக்கிக்கொள்ளும் நிலையாகும். மருத்துவர்கள் இதனை ஸ்கோலியோசிஸ் என்று அழைப்பர். இவ்வளைவை இயன்ற அளவு நேராக்கி, மேலும் வளையாதவாறு நிலைநிறுத்துவதே முதுகெலும்புப் பக்கவளைவு அறுவைச் சிகிச்சையின் நோக்கமாகும். இது பெரும்பாலும் உடனடியாகச் செய்தே தீரவேண்டிய அறுவையன்று. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யப்படுவது. ஆகவே அறுவை செய்துகொள்வதா, செய்துகொள்வதாயின் எப்போது என்னும் வினாக்கள் நோயாளியின் முன்னும் குடும்பத்தின் முன்னும் நிற்கின்றன. வளைவின் கோணம், உடலில் எஞ்சியுள்ள வளர்ச்சி ஆகிய இரண்டுமே இவ்வினாக்களுக்கு விடைதரும் முதன்மையான அளவுகளாகும். இக்கட்டுரை அத்தீர்மானம் எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதைத் தாம்பரம் உள்ளிட்ட சென்னைத் தென்புறநகர்ப் பகுதியின் சூழலையும் கருத்திற் கொண்டு விளக்குகிறது.

கூனும் பக்கவளைவும்

முதுகெலும்பைப் பக்கத்திலிருந்து நோக்கினால் கழுத்திலும் இடுப்பிலும் உள்நோக்கியும், மார்புப் பகுதியில் வெளிநோக்கியும் இயல்பான வளைவுகள் காணப்படும். மார்புப் பகுதியின் வளைவு அளவுக்கு மீறுவது கூன் ஆகும். பின்புறமிருந்து நோக்கும்போது முதுகெலும்பு நேர்க்கோடாகத் தோன்ற வேண்டும். அவ்வாறின்றி வலப்புறமோ இடப்புறமோ 10 பாகைக்கு மேல் வளைந்திருந்தால் அது பக்கவளைவு எனப்படும். முள்ளெலும்புகள் முறுக்கிக்கொள்வதால் அவற்றோடு இணைந்த விலா எலும்புகளும் ஒருபுறம் பின்னே தள்ளப்படுகின்றன. முதுகின் ஒருபுறம் புடைத்திருப்பதைக் கண்டு பலர் இதனையும் கூன் என்றே கூறுவதுண்டு. எனினும் இவ்விரண்டும் வெவ்வேறானவை. சிலருக்கு இரண்டும் சேர்ந்தும் காணப்படலாம்.

வகைகள்

காரணத்தைப் பொறுத்துப் பக்கவளைவு பின்வருமாறு வகைப்படுத்தப்படுகிறது.

காரணம் அறியப்படாத பக்கவளைவு: பத்தில் எட்டுப் பேருக்கு இவ்வகையே காணப்படுகிறது. இவற்றுள் 10 வயதுக்கு மேற்பட்ட வளரிளம் பருவத்தினருக்கு ஏற்படுவதே மிகுதி. இப்பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேருக்கு 10 பாகைக்கு மேற்பட்ட வளைவு உண்டு. சிறிய வளைவுகள் ஆண், பெண் இருபாலாருக்கும் ஏறத்தாழச் சம அளவில் உள்ளன. ஆனால் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வளர்பவை பெண்களிடம் பல மடங்கு அதிகம்.

பிறவிப் பக்கவளைவு: கருவில் முள்ளெலும்புகள் முழுமையாக உருவாகாமையாலோ, பிரியாமல் ஒட்டியிருப்பதாலோ தோன்றுவது.

நரம்பு, தசை நோய்களால் ஏற்படும் பக்கவளைவு: மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு நோய், இளம்பிள்ளை வாதம் முதலியவற்றால் தசைகள் வலுவிழப்பதால் உண்டாவது.

முதுமையில் ஏற்படும் பக்கவளைவு: முள்ளெலும்பு இடைத்தட்டுகள் தேய்வதால் உண்டாவது. இதில் அறுவையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கோணமன்று. வலியும் நரம்பு அழுத்தமுமே.

கனமான புத்தகப் பையைச் சுமப்பதாலோ, ஒருக்களித்து உட்காருவதாலோ காரணம் அறியப்படாத பக்கவளைவு தோன்றுவதில்லை. இதனைப் பெற்றோர் அறிந்திருப்பது நன்று. ஏனெனில் "நாம் கவனிக்காமல் விட்டதால்தான் இப்படி ஆயிற்று" என்னும் குற்றவுணர்வு பல குடும்பங்களில் தெளிவான தீர்மானத்திற்குத் தடையாகிவிடுகிறது.

கண்டறிதல்

வளரிளம் பருவப் பக்கவளைவு தொடக்கத்தில் பெரும்பாலும் வலி தருவதில்லை. ஆகவே அது தற்செயலாகவே கண்ணில் படுகிறது. மகளுக்குத் தலை பின்னும் தாயோ, பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்கும் தையற்காரரோ, நடன ஆசிரியரோ முதலில் கவனிப்பதுண்டு. ஒரு தோள் உயர்ந்திருத்தல், ஒரு தோள்பட்டை எலும்பு துருத்தியிருத்தல், இடுப்பின் ஒருபுறம் மட்டும் குழிந்திருத்தல், சட்டையின் கீழ்விளிம்பு ஒருபுறம் ஏறி நிற்றல் ஆகியவை அறிகுறிகளாகும்.

இதற்கான எளிய சோதனை முன்குனிவுச் சோதனையாகும். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இதனை விளக்கினார். கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் செய்து பின்னாலிருந்து நோக்கவேண்டும். முதுகின் ஒருபுறம் மற்றதைவிட உயர்ந்து தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அளவிடுதல்

தீர்மானம் முழுவதும் இரண்டு அளவுகளைச் சார்ந்திருப்பதால் அவற்றைப் புரிந்துகொள்வது இன்றியமையாதது.

முதலாவது கோப் கோணம் ஆகும். அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஜான் ராபர்ட் கோப் 1948இல் வெளியிட்ட முறை இது. வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மிகுதியாகச் சாய்ந்துள்ள முள்ளெலும்புகளைத் தேர்ந்து, அவற்றின் விளிம்புகளை ஒட்டி வரையப்படும் கோடுகளுக்கு இடைப்பட்ட கோணம் அளக்கப்படுகிறது. ஒரே படத்தை இருவர் அளந்தாலும் 5 பாகை வரை வேறுபாடு வரக்கூடும். எனவே 32 பாகை 35 ஆயிற்று என்பதை மட்டும் கொண்டு வளைவு கூடிவிட்டது என்று கொள்ளவியலாது.

எக்ஸ்-கதிர்ப் படம் நின்ற நிலையில், முதுகெலும்பு முழுவதும் ஒரே படத்தில் தெரியுமாறு எடுக்கப்பட வேண்டும். படுத்த நிலையில் எடுத்த படத்தில் வளைவு குறைவாகத் தோன்றும். சிறிய பரிசோதனை நிலையங்கள் பலவற்றில் முழுநீளப் படம் எடுக்கும் வசதி இராது. ஒவ்வொரு முறையும் ஒரே வகையில் எடுத்த படங்களைத் தேதியுடன் பாதுகாத்து வைப்பது அவசியம். ஒரு படம் வளைவின் அளவை மட்டுமே காட்டும். அதன் வேகத்தைக் காட்ட இரண்டு படங்களாவது வேண்டும்.

இரண்டாவது அளவு எஞ்சியுள்ள வளர்ச்சி. இடுப்பெலும்பின் மேல்விளிம்பு எலும்பாகும் நிலையைக் கொண்டு 0 முதல் 5 வரை மதிப்பிடும் முறையை ஜோசப் ரிஸ்ஸர் 1958இல் வெளியிட்டார். 0 என்பது வளர்ச்சி மிகுதியாக எஞ்சியிருப்பதையும், 5 என்பது வளர்ச்சி முடிந்ததையும் குறிக்கும். பெண்களில் பூப்பெய்தும் காலமும் முக்கியமான குறிப்பாகும். உயரம் மிக விரைவாகக் கூடும் காலம் பெரும்பாலும் பூப்பெய்துவதற்குச் சற்று முன்னரே வந்துவிடுகிறது. அதன்பின் வளர்ச்சி மெல்லக் குறைந்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் முடிவை நெருங்குகிறது. தமிழ்க் குடும்பங்களில் மஞ்சள் நீராட்டு விழாவால் இந்நாள் நினைவில் நிற்பது வழக்கம். மருத்துவர் இதனைக் கேட்பது இக்காரணம் பற்றியே.

வளைவின் இயல்பான போக்கு

அறுவை செய்யாவிட்டால் என்னவாகும் என்பதை அறியாமல் அறுவையின் பயனை எடைபோட முடியாது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் சிகிச்சை பெறாத நோயாளிகள் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். வளர்ச்சி முடியும்போது 30 பாகைக்குக் குறைவாக இருந்த வளைவுகள் பின்னர்ப் பெரும்பாலும் கூடவில்லை. 50 முதல் 75 பாகை வரை இருந்த மார்புப் பகுதி வளைவுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 பாகை வீதம் கூடிக்கொண்டிருந்தன. 17 வயதில் 55 பாகை இருந்தால் நடுவயதில் அது 80 பாகையை எட்டக்கூடும் என்பது இதன் பொருள். 45 முதல் 50 பாகை வரையிலான எல்லை அறுவைக்குரியதாகக் கருதப்படுவதற்கு இதுவே அடிப்படை.

அதே பல்கலைக்கழகம் 50 ஆண்டுத் தொடர்கவனிப்பின் முடிவுகளை 2003இல் வெளியிட்டது. சிகிச்சை பெறாத 117 பேரில் நாட்பட்ட முதுகுவலி 61 விழுக்காட்டினருக்கு இருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் அது 35 விழுக்காடு. ஆயினும் பெரும்பாலோர் தொழில், குடும்ப வாழ்க்கை ஆகியவற்றை இயல்பாக நடத்தினர். வளரிளம் பருவத்தில் தோன்றும் பக்கவளைவு, அறுவை செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்னும் அச்சத்திற்குப் பொதுவாக இடமில்லை என்பதை இது காட்டுகிறது.

இதற்கு விலக்குகளும் உண்டு. மார்புப் பகுதி வளைவு 70 பாகையைத் தாண்டும்போது நுரையீரலின் கொள்ளளவு குறையத் தொடங்கும். ஐந்து வயதுக்கு முன் தோன்றும் வளைவுகள், நுரையீரல் வளரும் காலத்திலேயே மார்புக்கூட்டை ஒடுக்குவதால் மிகுந்த ஆபத்து உடையவை. தசைச் சிதைவு நோயாளிகளில் வளைவு விரைந்து கூடி, உட்காருவதையும் மூச்சுவிடுவதையும் பாதிக்கும். இவர்களுக்குக் காத்திருத்தலே பெரிய இடராக ஆகலாம்.

அறுவையல்லாத வழிகள்

25 பாகைக்குக் குறைந்த வளைவுகளுக்குக் கண்காணிப்பே போதுமானது. வளரும் பிள்ளைகளுக்கு நான்கு முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை செய்யப்படுகிறது.

25 முதல் 45 பாகை வரை வளைவு இருந்து, வளர்ச்சியும் எஞ்சியிருந்தால் தாங்குகச்சை பரிந்துரைக்கப்படுகிறது. இது உடலளவுக்கேற்ப நெகிழியால் செய்யப்படும் உறையாகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. தாங்குகச்சை அணிந்தோரில் 72 விழுக்காட்டினரின் வளைவு 50 பாகையை எட்டாமல் நின்றது. அணியாதோரில் அவ்வாறு நின்றது 48 விழுக்காடு. நாளொன்றுக்கு 13 மணி நேரம் அல்லது அதற்கு மேல் அணிந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிட்டியது. அணியாதோரிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வளைவு அந்த எல்லையைத் தொடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

சென்னையின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் தாங்குகச்சையை நீண்டநேரம் அணிவது எளிதன்று. தையலற்ற பருத்தி உள்ளாடையை உள்ளே அணிதல், வியர்வை படிந்ததும் மாற்றுதல், மாலையும் இரவும் தவறாமல் அணிதல் ஆகியவை நடைமுறையில் உதவும். தாங்குகச்சையின் நோக்கம் வளைவு கூடாமல் தடுப்பதே. இருக்கும் வளைவை நிரந்தரமாக நீக்குவதன்று.

பக்கவளைவுக்கென வகுக்கப்பட்ட உடற்பயிற்சிகள் தசை வலுவையும் உடல் நிலைப்பையும் மேம்படுத்துகின்றன. யோகாசனம், நீச்சல் முதலியன உடல்நலத்திற்கு நல்லவை. ஆனால் 50 பாகையைக் கடந்த வளைவை இவை நேராக்கும் என்பதற்குச் சான்று இல்லை. முதுகைச் சொடுக்கியும் இழுத்தும் நேராக்க முயல்வதால் பயனில்லை. பிறவிக் குறைபாடோ நரம்புக் குறைபாடோ உள்ளவருக்கு அது தீங்கும் தரலாம். இத்தகைய முயற்சிகளில் வளர்ச்சிக்காலம் கழிந்துவிடுவதே பெரிய இழப்பாகும்.

அறுவைச் சிகிச்சையின் வரலாறு

நியூயார்க்கைச் சேர்ந்த ரசல் ஹிப்ஸ் 1911இல் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் அறுவை முறையை வெளியிட்டார். முதலில் முதுகெலும்புக் காசநோய்க்குச் செய்யப்பட்ட இம்முறை பின்னர்ப் பக்கவளைவுக்கும் பயன்பட்டது. அக்காலத்தில் நோயாளிகள் பல மாதங்கள் மாவுக்கட்டில் படுத்திருக்க நேர்ந்தது. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்த பால் ஹாரிங்டன், உலோகத் தண்டால் முதுகெலும்பை நிமிர்த்தும் முறையை உருவாக்கி 1962இல் வெளியிட்டார். 1980களில் பிரான்சின் கோத்ரெல், துபூசே ஆகியோர் இரு தண்டுகளைப் பல இடங்களில் பொருத்தி, முறுக்கத்தையும் திருத்தும் முறையைக் கொண்டுவந்தனர். இன்று முள்ளெலும்பின் காம்புப் பகுதியில் திருகாணிகளைச் செலுத்தித் தண்டுகளோடு இணைக்கும் முறையே பரவலாக உள்ளது. இதனால் நோயாளி ஓரிரு நாட்களிலேயே எழுந்து நடக்க முடிகிறது.

செய்முறை

நோயாளி முழு மயக்கத்தில் குப்புறப் படுக்க வைக்கப்படுகிறார். முதுகின் நடுவில் நீளவாக்கில் கீறி, வளைவுக்குட்பட்ட முள்ளெலும்புகளில் திருகாணிகள் பொருத்தப்படுகின்றன. அவற்றோடு டைட்டானியம் அல்லது கோபால்ட்-குரோமியக் கலவைத் தண்டுகள் இணைக்கப்பட்டு வளைவு திருத்தப்படுகிறது. பின்னர் எலும்புத் துணுக்குகள் இடப்படுகின்றன. இவை நாளடைவில் ஒட்டி அப்பகுதியை ஒரே எலும்பாக ஆக்குகின்றன. நிலையான பலனைத் தருவது இவ்வொட்டுதலே. தண்டும் திருகாணியும் ஒட்டும்வரை தாங்கி நிற்பவை. அறுவை பொதுவாக நான்கு முதல் எட்டு மணி நேரம் வரை நீடிக்கும்.

அறுவையின்போது தண்டுவடம் செவ்வனே இயங்குகிறதா என்பதை மின்துடிப்புகளைக் கொண்டு தொடர்ந்து கண்காணிப்பது இன்றைய முறையாகும். இதற்கு முன்னர், நடுவில் மயக்கத்தைக் குறைத்து நோயாளியைக் கால் அசைக்கச் சொல்லும் சோதனை செய்யப்பட்டது. தேவைப்படின் அது இன்றும் செய்யப்படுகிறது.

பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதுகெலும்பை ஒட்டவைத்தால் உடலின் மேற்பகுதியும் நுரையீரலும் வளர இடமிராது. ஆகவே அவர்களுக்கு நீட்டிக்கக்கூடிய வளர்தண்டுகள் பொருத்தப்படுகின்றன. ஒட்டவைக்காமல் கயிற்றால் வளர்ச்சியை நெறிப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் 2019இல் ஒப்புதல் கிடைத்தது. அது குறிப்பிட்ட வளைவுகளுக்கும் வளரும் வயதினருக்கும் மட்டுமே உரியது.

இடர்கள்

குடும்பத்தினர் மிகவும் அஞ்சுவது கால்கள் செயலிழந்துவிடுமோ என்பதையே. வளரிளம் பருவத்தினரின் காரணம் அறியப்படாத பக்கவளைவில், அறுவையால் நரம்புப் பாதிப்பு ஏற்படுவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகும். அவர்களிலும் பலர் முழுமையாகவோ ஓரளவோ மீள்கின்றனர். புண்ணில் தொற்று நூற்றுக்கு ஓரிருவருக்கு ஏற்படலாம். குருதியிழப்பு, திருகாணி இடம் மாறுதல், எலும்பு ஒட்டாமையால் பின்னர்த் தண்டு முறிதல், மறு அறுவை தேவைப்படுதல் ஆகியவை பிற இடர்களாகும். பிறவி வளைவு, தசை நோய், மிகப் பெரிய கோணம் ஆகியவை இருப்பின் இடர்கள் கூடும். 50 பாகையில் செய்யும் அறுவையைவிட 100 பாகையில் செய்வது கடினமானது என்பதும் எடைபோட வேண்டிய செய்தியாகும்.

அறுவையால் முதுகு முற்றிலும் நேராகிவிடுவதில்லை. கோணத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு வரை குறைவதே வழக்கம். ஒட்டவைக்கப்பட்ட பகுதி பின்னர் வளையாது. இடுப்புப் பகுதியில் எத்தனை முள்ளெலும்புகள் ஒட்டவைக்கப்படுகின்றனவோ, அந்த அளவுக்குக் குனிவதும் திரும்புவதும் குறையும்.

சென்னையில் நடந்த ஆய்வு

முதுகெலும்பு வளைவுக்கு அறுவை தேவையா என்னும் வினா சென்னையிலேயே முறையான ஆய்வுக்குட்பட்டது என்பது பலரும் அறியாதது. அவ்வாய்வு பக்கவளைவைப் பற்றியதன்று. முதுகெலும்புக் காசநோயையும் அதனால் உண்டாகும் கூனையும் பற்றியது. எனினும் தீர்மானத்தின் அடிப்படையை அது தெளிவாகக் காட்டுகிறது.

காசநோய் தென்புறநகரின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. மருத்துவர் டேவிட் சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தில் காசநோய் நலவாழ்வு இல்லத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. அதனாலேயே அப்பகுதியும் அங்குள்ள தொடர்வண்டி நிலையமும் தாம்பரம் சானடோரியம் எனப் பெயர் பெற்றன.

காசநோயால் அரிக்கப்பட்ட முள்ளெலும்புகளை நீக்கி எலும்பு ஒட்டுப்போடும் அறுவை முறை, ஹாங்காங்கில் உருவானமையால் ஹாங்காங் அறுவை எனப்பட்டது. இவ்வறுவை அனைவருக்கும் தேவையா என்பதைச் சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம் ஆராய்ந்தது. கால் செயலிழப்பு இல்லாத நோயாளிகள் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு அறுவையும் ஆறு மாத மருந்தும், மற்றொன்றுக்கு ஆறு மாத மருந்து மட்டும், மூன்றாவதற்கு ஒன்பது மாத மருந்து மட்டும் அளிக்கப்பட்டன. பத்தாண்டு முடிவுகள் 1999இல் வெளியாயின. அறுவைக் குழுவில் 90 விழுக்காட்டினரும், ஆறு மாத மருந்துக் குழுவில் 94 விழுக்காட்டினரும், ஒன்பது மாத மருந்துக் குழுவில் 99 விழுக்காட்டினரும் நல்ல நிலையில் இருந்தனர். அறுவை இன்றியே பெரும்பாலோர் குணமடைந்தனர்.

ஆனால் இம்முடிவில் ஒரு விலக்கு இருந்தது. 15 வயதுக்குட்பட்டவராய், தொடக்கத்திலேயே 30 பாகைக்கு மேல் கூன் உடையவராய் இருந்த பிள்ளைகளுக்கு, நோய் குணமான போதிலும் கூன் பெரிதும் கூடியது. கோயம்புத்தூரைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், குழந்தைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவுகளை 2001இல் வெளியிட்டார். நோய் ஆறிய பின்னரும், வளர்ச்சிக் காலத்தில் சிலருக்குக் கூன் தானே குறைந்தது. சிலருக்குக் கூடிக்கொண்டே சென்றது. யாருக்குக் கூடும் என்பதை முன்னறியும் எக்ஸ்-கதிர் அறிகுறிகளையும் அவர் வரையறுத்தார்.

நோய் வேறாயினும், கோணமும் வளர்ச்சியும் சேர்ந்தே அறுவையைத் தீர்மானிக்கின்றன என்பது இரண்டுக்கும் பொதுவானது. அனைவருக்கும் அறுவை என்பதும் தவறு; யாருக்கும் வேண்டாம் என்பதும் தவறு.

தீர்மானித்தல்

வளரிளம் பருவத்தினருக்குப் பின்பற்றப்படும் பொதுவான வரையறை வருமாறு. வளர்ச்சி எஞ்சியிருந்து வளைவு 45 பாகையைக் கடந்தால் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. வளர்ச்சி முடிந்தவருக்கு 50 பாகைக்கு மேல் இருந்தால் பரிசீலிக்கப்படுகிறது. 40 முதல் 50 பாகை வரையில் இருப்போருக்கு ஒரே விடை இல்லை. இங்குதான் குடும்பத்தின் தீர்மானம் மிகவும் தேவைப்படுகிறது. மருத்துவரிடம் கேட்டறிய வேண்டியவை:

1. கோணம் எவ்வளவு? முந்தைய படத்தைவிட எவ்வளவு கூடியுள்ளது?
2. வளர்ச்சி எவ்வளவு எஞ்சியுள்ளது?
3. ஆறு மாதம் காத்திருந்தால் இழப்பது என்ன?
4. எந்த முள்ளெலும்பிலிருந்து எதுவரை ஒட்டவைக்கப்படும்?
5. காந்த அதிர்வுப் படமும் நுரையீரல் திறன் சோதனையும் தேவையா?
6. இம்மருத்துவமனையில் இவ்வறுவை எத்தனை முறை செய்யப்பட்டுள்ளது? தண்டுவடக் கண்காணிப்பு உண்டா?
7. மொத்தச் செலவு எவ்வளவு? காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும்?

இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பது முறையானதே. இருவர் கருத்தும் வேறுபட்டால், கோணத்தில் வேறுபடுகிறார்களா, எதிர்பார்க்கும் பலனில் வேறுபடுகிறார்களா என்பதைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

பெண்பிள்ளைகளின் வகையில் திருமணம் பற்றிய கவலை தீர்மானத்தை இருபுறமும் இழுப்பதுண்டு. முதுகில் தழும்பு விழுந்தால் வரன் அமையாது என்று சிலர் அறுவையை மறுக்கின்றனர்; புடைப்பு தெரிந்தால் வரன் அமையாது என்று சிலர் விரைகின்றனர். இரண்டிலும் பிள்ளையின் மூச்சு, வலி, வளைவின் வேகம் ஆகியவை பின்தள்ளப்படுகின்றன. தன் தோற்றத்தைக் குறித்துப் பிள்ளைக்கே உள்ள வருத்தம் வேறு. அது மருத்துவரிடம் கூறத்தக்க காரணமே. இந்தியாவில் 18 வயது நிறையாதவருக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்பம் இடுகின்றனர். ஆயினும் வலியைத் தாங்கப்போவதும், நிலைத்த முதுகுடன் வாழப்போவதும் பிள்ளையே. ஆகவே உண்மையை மறைக்காமல் கூறி அவர்தம் இசைவையும் பெறுவது அவசியம்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளை ஒட்டி அறுவை நாளைத் தள்ளிவைப்பது வழக்கம். வளர்ச்சி முடிந்து மெல்லக் கூடும் வளைவாயின் சில மாதத் தாமதத்தால் பெரிய கேடு இல்லை. 12 வயதில் விரைந்து கூடும் வளைவாயின், ஓராண்டுத் தாமதத்திற்குள் வளைவு பெரிதும் கூடிவிடக்கூடும்.

தாம்பரமும் தென்புறநகரும்

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய பகுதிகள் 2021இல் தாம்பரம் மாநகராட்சியாக இணைக்கப்பட்டன. குரோம்பேட்டை, பெரும்பாக்கம், கேளம்பாக்கம், காட்டாங்கொளத்தூர் ஆகிய இடங்களில் மருத்துவக் கல்லூரிகளும் பெரிய தனியார் மருத்துவமனைகளும் உள்ளன. ஆயினும் பக்கவளைவு அறுவை சிறப்புப் பயிற்சி வேண்டுவது. எலும்பியல் பிரிவுள்ள எல்லா மருத்துவமனைகளிலும் அது நடைபெறுவதில்லை.

அரசு மருத்துவமனைகளுக்குச் செல்ல மின்தொடர்வண்டி வசதியாக உள்ளது. தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் வண்டியில் எழும்பூரில் இறங்கினால் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையை அடையலாம். பூங்கா நிலையத்தில் இறங்கினால் எதிரே இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை உள்ளது. தெற்கு நோக்கிச் சென்றால் 1965இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது. கலைஞர் கருணாநிதி நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் செயற்கை உறுப்புகளும் தாங்கு கருவிகளும் வழங்குகிறது. முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், மூளை முடக்குவாதம் முதலியவை உள்ள பிள்ளைகளின் மறுவாழ்வுக்கு உதவுகிறது.

தனியார் மருத்துவமனைகளில் இவ்வறுவைக்குப் பல இலட்சம் ரூபாய் செலவாகும். திருகாணிகளும் தண்டுகளும் அதில் பெரும்பங்கு பெறும். தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தை அடுத்து, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018இல் அது நடுவணரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை இதில் காப்பு உண்டு. திட்டமிட்ட அறுவைக்கு முன்னொப்புதல் பெறவேண்டும் என்பதால், நாள் குறிப்பதற்கு முன்னரே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவை அணுகுவது நன்று. தாம்பரமும் பல்லாவரமும் 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளன. வேளச்சேரியும் சோழிங்கநல்லூரும் சென்னை மாவட்டத்தைச் சேர்ந்தவை. காப்பீட்டு அட்டைக்கு அவரவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையே நாட வேண்டும்.

அறுவைக்குப் பின்

பெரும்பாலோர் முதல் ஓரிரு நாட்களில் எழுந்து நிற்கின்றனர். ஒரு வாரத்திற்குள் வீடு திரும்புகின்றனர். முதல் சில வாரங்கள் வலியும் களைப்பும் மிகுதியாக இருக்கும். நான்கு முதல் ஆறு வாரங்களில் பள்ளிக்குச் செல்லலாம். புத்தகப் பையைப் பிறர் சுமக்க வேண்டும். ஓட்டம், பந்தாட்டம் முதலியவற்றுக்கு மருத்துவரின் அறிவுரைப்படி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருக்க வேண்டும். மேடுபள்ளமான சாலையில் இருசக்கர வண்டியில் பின்னமர்ந்து செல்வதைத் தொடக்க மாதங்களில் தவிர்ப்பது நல்லது.

இடுப்பு மூட்டுகள் பாதிக்கப்படாமையால் சம்மணமிட்டு அமர்வதும், குந்தி உட்காருவதும் பின்னர்ப் பெரும்பாலோருக்கு இயலும். குனிந்து கோலமிடும்போது முதுகை வளைப்பதற்கு மாறாக இடுப்பையும் முழங்காலையும் மடக்கப் பழக வேண்டும். பரதநாட்டியம் ஆடுவோர் மீண்டும் ஆடலாம். ஆனால் உடலைப் பக்கவாட்டில் வளைக்கும் அசைவுகள் குறையும். ஆடலையே தொழிலாகக் கொள்ள விரும்புவோர் இதனை அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். கருத்தரிப்பதற்கும் மகப்பேற்றுக்கும் இவ்வறுவை தடையன்று. ஆயினும் இடுப்புப் பகுதி வரை ஒட்டவைக்கப்பட்டிருந்தால் முதுகில் ஊசி வழி மயக்கமருந்து செலுத்துவது கடினமாகலாம். ஆகவே அறுவைப் படங்களைப் பாதுகாத்து மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அறுவை வேண்டாம் எனத் தீர்மானித்தவருக்கும் கவனிப்பு முடிந்துவிடுவதில்லை. 40 பாகைக்கு மேற்பட்ட வளைவு உடையோர் வளர்ச்சி முடிந்த பின்னரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இன்று எடுத்த தீர்மானத்தைப் புதிய அளவுகளைக் கொண்டு பின்னர் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒட்டவைக்கப்பட்ட முதுகெலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. கடந்துபோன வளர்ச்சிக் காலமும் திரும்பாது.

இவற்றையும் பார்க்கவும்

முதுகெலும்பு
கூன்
முதுகெலும்புக் காசநோய்
இளம்பிள்ளை வாதம்
தாம்பரம் சானடோரியம்